மூலக்கூறுக்காக மாவு மில் நின்ற கதை

நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குப் புதிய நுண்ணோக்கி வந்திருக்கிறது. திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அதன் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. தரையில் வரும் நடுக்கத்தை அந்தப் பெட்டியே உணர்ந்து, நேர் எதிரான நடுக்கத்தைக் கொடுத்துச் சமன் செய்துவிடுமாம். "இது இல்லாம அப்ப எப்படி மேடம் மூலக்கூறைப் பாத்தீங்க?" என்று அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல மேடையில் எனக்குக் கொஞ்ச நேரம் ஒதுக்கினார்கள். அதில் பாதி பொன்னாடைக்குப் போய்விட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிறிஸ்தவ கிராமம் சொந்த ஊர். இயற்பியல் படித்தேன். பெங்களூரில் சில மாதம் பயிற்சிக்குப் போனேன். அங்கே கற்றுக்கொண்டது இரண்டு விஷயம்: ஊசியை உடைக்காமல் இறக்குவது, மூச்சை அடக்குவது. பிறகு மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். ஊரில் எல்லோருக்கும் நான் 'மேரி டீச்சர்'. நான் யாருக்கும் ஒரு பாடம்கூட நடத்தியதில்லை. கல்லூரிப் பஸ்ஸில் வந்து இறங்குகிறவள் டீச்சராகத்தான் இருக்க வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சுற்றிலும் நெல்லும் வாழையும் விளைகிற இடத்தில் இப்படி ஒரு நுண்ணோக்கி எதற்கு என்று கேட்கலாம். கல்லூரியின் தாளாளர் திராட்சைக்காகக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றைக் கட்டினார். அந்த வியாபாரம் ஓடவில்லை. கனத்த சுவர், ஜன்னல் கிடையாது, உள்ளே எப்போதும் ஒரே குளிர். இதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர் பலரிடம் கேட்டிருக்கிறார். யாரோ ஒருவர் ஆராய்ச்சி செய்யலாம் என்றாராம். அப்படித்தான் எங்கள் வட்டாரத்துக்கு ஆராய்ச்சி வந்தது.

எங்கள் நுண்ணோக்கியில் கண் வைத்துப் பார்க்க லென்ஸ் கிடையாது. மெல்லிய ஒரு தகடு, அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஊசி. அந்த ஊசி பொருளின் மேல் வரிவரியாகத் தடவிக்கொண்டே போகும். மேடு வந்தால் ஏறும், பள்ளம் வந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி படமாக்கித் திரையில் காட்டும். நாங்கள் பார்த்தது மெல்லிய படலங்களை. சோப்பில் இருக்கிற கொழுப்பு அமிலத்தைத் தொட்டித் தண்ணீரின் மேல் துளித்துளியாக விடுவோம். அது பரவி மிதக்கும். பஸ்ஸில் நிற்கிறவர்களைக் கண்டக்டர் உள்ளே தள்ளுகிற மாதிரி, ஒரு பட்டையால் அந்த மூலக்கூறுகளை மெதுவாக நெருக்குவோம். நெருக்க நெருக்க அவை ஒன்றையொன்று ஒட்டி எழுந்து நிற்கும். அப்போது ஒரு மைக்கா துண்டைத் தண்ணீரில் இறக்கித் தூக்கினால், ஒரே ஒரு மூலக்கூறு உயரத்துக்கு அதன் மேல் ஒரு தோல் ஒட்டிக்கொண்டு வரும். அந்தத் தோலில் அவை நேராக நிற்கின்றனவா, சாய்ந்து நிற்கின்றனவா, எத்தனை இடைவெளியில் வரிசை கட்டியிருக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி. அந்த உயரத்தில் வேலை செய்யும் ஊசிக்கு, தெருவில் ஒருவர் கதவைச் சாத்தினால் அது பூகம்பம்.

இயக்குநர் டாக்டர் தங்கவேலு ஆண்டிபட்டிக்காரர், நெசவுக் குடும்பம். தினமும் காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து, காய்ச்சல் பார்ப்பது போலத் தரையில் உள்ளங்கையை வைப்பார். கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "இன்னிக்கு ஆகும்" என்றோ "இன்னிக்கு ஆகாது" என்றோ சொல்லுவார். மிஷினுக்குக் கேட்டுவிடும் என்று பயந்து பயந்து பேசியதில் அவர் குரலே இறங்கிப்போய்விட்டது. "இவுக பேசுறத உதட்டப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறேன்" என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். மிகப் பெரிய கோபத்தில் சுத்தமாகக் கேட்காது. அதனால் முக்கியமான சமயங்களில் அவர் எங்களை எதற்காகத் திட்டினார் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. கணினியில் ஒரு வசதி இருந்தது. படத்தில் திரும்பத் திரும்ப வருகிறதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அது வழித்து எடுத்துவிடும். பலரும் அதைப் பயன்படுத்தினார்கள். இவர் தொடவிட மாட்டார். "அதை அழுத்துனா கழுதை கத்துறதுல இருந்துகூட மூலக்கூறு எடுத்துரலாம் மேரி" என்பார். ஒருநாள் அதை நிரூபித்தே காட்டினார். படலமே இல்லாத வெறும் கண்ணாடித் துண்டை வைத்து, மின்சார இரைச்சலைப் பதிவு செய்து, அந்த வசதியை அழுத்தினார். முத்துக் கோத்தது போல வரிசை வரிசையாக வந்தது. அதை அச்செடுத்து, அடியில் 'இங்கே ஒன்றும் இல்லை' என்று எழுதிச் சுவரில் மாட்டினார். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் எங்கள் சிறந்த படம் என்று பாராட்டினார்கள். தாளாளர் அடி வாசகத்தை வெட்டிவிட்டுக் கல்லூரிக் காலண்டரில் அதைப் போட்டார்.

அதிர்வைத் தடுக்க எங்களிடம் இருந்தது ஒரு கருங்கல் பலகையும் காற்றடைத்த ஸ்கூட்டர் ட்யூப்களும்தான். ட்யூபின் மேல் கல், கல்லின் மேல் மிஷின். அந்தக் கல் எங்கோ ஒரு கட்டடத் திறப்புக்காகச் செதுக்கியது. திறந்து வைக்க வந்தவரின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனதால் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். பெயரைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டோம்.

ஒரு சமயம் மத்தியான வேளைகளில் படத்தில் மெதுவான அலை ஒன்று வர ஆரம்பித்தது. ட்யூபை மாற்றினோம், மின்விசிறியைக் கழற்றினோம், பக்கத்து வயல் மோட்டாரைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தபோது, பின்சுவர் மூலையில் ஒச்சப்பனின் எருமை கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஒச்சப்பன் டிராக்டர் வைத்திருந்தார், ஊரில் எல்லா விஷயத்திலும் அவர் இருப்பார். "அதுக்கு அந்தச் சொவருதான் சொகமா இருக்கு டீச்சரு. நான் என்ன செய்ய?" என்றார். அந்தத் தேடலில் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது. ஊரின் நடுக்கங்கள் எல்லாம் பழகிவிட்டன. திரையைப் பார்த்தே இது குச்சனூர் பஸ், இது ஒச்சப்பன் டிராக்டர், இது பஞ்சர் கடைக் காற்று மிஷின் என்று சொல்லிவிடுவேன். எல்லாவற்றுக்கும் மேலே, நாள் முழுக்க, தெருமுனையில் பேச்சியம்மாளின் மாவு மில்.

அந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பணம் தரும் அரசு அமைப்பிலிருந்து ஆய்வுக்குழு வருவதாகத் தகவல் வந்தது. அவர்கள் கண்ணெதிரே மூலக்கூறு வரிசையை எடுத்துக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மிஷின் சென்னைக்குப் போய்விடும். இரண்டு மாணவர்களின் ஆராய்ச்சி பாதியில் இருந்தது. என் வேலையும் அந்தக் கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

ராத்திரியில் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். எங்கள் பக்கம் விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் பெரும்பாலும் ராத்திரிதான் வரும். வந்ததும் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். பகலே தேவலை. குழு முதலில் சனிக்கிழமை வருவதாக இருந்தது. "சனிக்கிழமை வேண்டாம் சார், குச்சனூர் சனீஸ்வரன் கோயில் இருக்கு" என்று இயக்குநர் போனில் சொன்னார். அவர் சொன்னது கோயிலுக்கு வரும் வேன்களை. குழுத் தலைவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "நானும் சனிக்கிழமை எதுவும் ஆரம்பிக்கிறதில்ல" என்று சொல்லி, மிகுந்த மரியாதையோடு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எங்களுக்கு நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பஸ் கிடையாது. மற்றவற்றை நிறுத்தச் சொல்லி ஊரிடம் கேட்பது என்று முடிவாயிற்று.

ஒச்சப்பனிடம் முதலில் சொன்னேன். அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, ஆனால் அவர் பாணியில். சத்தமே இல்லாத ஊருக்கு அரசாங்கம் பரிசு கொடுக்கிறது, அதை அளக்கப் பெரிய ஆபீசர்கள் வருகிறார்கள், நம் ஊருக்குக் கிடைத்தால் தார் ரோடு நிச்சயம். எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள். நான் நிம்மதியாக இருந்தேன். இயக்குநர் காதுக்கு அது போனது. "பொய் சொல்லி எடுத்த படமும் அந்த வசதியில வழிச்செடுத்த படம்தான் மேரி" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினார். பரிசு கிடையாது, தார் ரோடு கிடையாது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். அவர் குரலில் அது யாருக்கும் கேட்கவில்லை. நான் பின்னாலேயே போய் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தெரு முடிவதற்குள் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள்.

கடைசியாகப் பேச்சியம்மாளின் மில்லுக்குப் போனோம். அவர் தலையிலிருந்து கால்வரை மாவு. மில் ஓடிக்கொண்டிருந்தது. இயக்குநர் உதட்டை அசைத்தார்.

"என்னாது?" என்றார் பேச்சியம்மாள்.

இயக்குநர் மறுபடி உதட்டை அசைத்தார். பேச்சியம்மாள் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார். "இப்பச் சொல்லுங்க ஐயா."

"ஒரு மணி நேரம் மில்லை நிறுத்த முடியுமான்னு கேட்டேன்."

"அதான் நிறுத்திட்டேனே."

"இப்ப இல்லம்மா. செவ்வாய்க்கிழமை."

"எதுக்கு?"

"சோப்புல இருக்கிற ஒரு பொருள் எப்படி வரிசையா நிக்குதுன்னு பாக்கணும்."

"பாத்து?"

"எப்படி நிக்குதுன்னு தெரிஞ்சுக்கலாம்."

"தெரிஞ்சுக்கிட்டு?"

இயக்குநர் உண்மையாகவே யோசித்தார். "இப்போதைக்கு அவ்வளவுதாம்மா."

"பரிசு குடுக்குறாகன்னு ஒச்சப்பன் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு?"

"அது பொய்."

"அப்ப எங்களுக்கு என்னதான் கெடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

பேச்சியம்மாள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிக்கச் சிரிக்க மாவு உதிர்ந்தது. "ஓட்டுக் கேட்டு வந்தாக, நன்கொட கேட்டு வந்தாக, சீட்டுக்கு ஆளு சேக்க வந்தாக. எல்லாரும் அது கெடைக்கும் இது கெடைக்கும்னுதான் சொன்னாக. ஒண்ணும் கெடைக்காதுன்னு சொல்ல இம்புட்டுத் தூரம் நடந்து வந்த ஒரே ஆளு நீங்கதான். நிறுத்துறேன், போங்க."

ஒப்புக்கொண்டது மட்டும் இல்லை. "ஏலே, நானே நிறுத்துறேன், உனக்கு என்ன கொறச்சல்?" என்று பின்வாங்கியவர்களை எல்லாம் அவரே திரும்ப இழுத்தார்.

செவ்வாய்க்கிழமை எருமையைத் தூரத்துத் தென்னந்தோப்பில் கட்டி, முன்னால் மலையளவு வைக்கோல் போட்டார் ஒச்சப்பன். குழுவில் மூன்று பேர், கூடவே தாளாளரும் வந்தார். தலைவர் கனத்த உடம்பு, உரத்த குரல். இயக்குநர் அவர்களை ரப்பர் விரிப்பின் மேல் உட்கார வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அசையக் கூடாது என்றார். தலைவர் பள்ளிக்கூடப் பையன் போலக் கைகட்டிக்கொண்டார்.

பதினொன்றுக்கு மில் நின்றது. பஞ்சர் கடை நின்றது. எங்கேயோ ஒரு மோட்டார் நின்றது. அப்புறம் எதுவுமே இல்லை. அந்தக் கட்டடத்தில் வாய்க்கால் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

ஊசியை இறக்கினேன். திரையில் வரி ஓட ஆரம்பித்தது. பார்த்தால் அதில் ரம்பப் பல் மாதிரி பொடிப்பொடியாக ஒரு நடுக்கம். எனக்குத் தெரிந்த நடுக்கம் இல்லை அது. டீசல் என்ஜின், ஆனால் ஒச்சப்பனுடையது இல்லை. குழு வந்த கார்! டிரைவர் ஏசிக்காக என்ஜினை ஓடவிட்டிருக்கிறார். நான் எழுந்து போனால் தரை அதிரும். வாயைத் திறந்து சொன்னாலும் அதிரும். இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போது அந்த நடுக்கம் சட்டென்று நின்றது.

வெளியே நடந்ததைப் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒச்சப்பன்தான் முதலில் போயிருக்கிறார். பேசக் கூடாது என்பதால் வாயில் விரலை வைத்துக் காட்டினாராம். டிரைவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், புரியவில்லை. சாவியைத் திருகுவது போலக் காட்டினார். டிரைவர், பாவம், இவருக்குப் பேச்சு வராது என்று நினைத்து, அவரும் கையாலேயே "என்ன வேணும்?" என்றார். பஞ்சர் கடைக்காரர் வந்து தூங்குவது போல நடித்தார். இன்னும் இரண்டு பேர் வந்து கும்பிட்டார்கள். ஒருவர்கூட ஒரு சொல் பேசவில்லை. கடைசியில் பேச்சியம்மாள் வந்து, ஜன்னல் வழியாகக் கையைவிட்டுச் சாவியைத் திருகி எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். மதியம் அந்த டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மிகவும் தயங்கி, "இந்த ஊர்ல எல்லாருக்குமே இப்படியா மேடம்? தண்ணியில ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார்.

உள்ளே படம் வந்துகொண்டிருந்தது. முதலில் மங்கலான புள்ளிகள். பிறகு அடுத்த வரி, அதற்கடுத்த வரி. புள்ளிக்கு நேராகப் புள்ளி நின்றது. சாய்வாக ஒரு வரிசை, அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு வரிசை. "பாவு தெரியுது" என்றார் இயக்குநர். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்; தறிக்காரர் வீட்டுப் பேச்சு அவர் வாயிலிருந்து வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக நாங்களே பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்கக்கூடப் பயமாக இருந்தது.

பாதிப் படத்தில் தலைவர் தும்மினார். படத்தின் குறுக்கே கன்னங்கரேலென்று ஒரு கோடு விழுந்தது. அதற்கப்புறம் வரிசை மறுபடி ஒழுங்காகத் தொடர்ந்தது.

முடிந்ததும் உறுப்பினர் ஒருவர், "அந்தக் கோட்டை மட்டும் எடுத்துட்டா அறிக்கையில போட நல்லா இருக்கும்" என்றார்.

"அது தலைவர் தும்முனது சார். நடந்ததை எப்படி எடுக்கிறது?" என்றார் இயக்குநர்.

தலைவருக்கு ஒரே சந்தோஷம். தன் தும்மலை மூலக்கூறுகளோடு சேர்த்து அச்செடுத்துத் தரச் சொன்னார். பிறகு எழுந்து தாளாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த மாதிரி அமைதியான இடத்தை நான் பார்த்ததே இல்லை. எங்களிடம் இதைவிடப் பத்து மடங்கு நுட்பமான கருவி ஒன்று இருக்கிறது. நகரத்தில் எங்கே வைத்தாலும் அதிர்வு. இங்கேயே அனுப்பிவிடுகிறேன்" என்றார். தாளாளரின் முகம் மலர்ந்தது.

"சார், இது இடத்தோட அமைதி இல்ல" என்றார் இயக்குநர்.

தாளாளர் அவர் காலை மிதித்தார். வெறுங்கால் என்பதால் நன்றாகவே வலித்திருக்கும். இயக்குநர் நிறுத்தவில்லை. "ஊர்ல எல்லாரும் நமக்காக வேலையை நிறுத்தி வச்சிருக்காங்க. பன்னிரண்டு வரைக்கும்தான்."

தலைவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. அடக்கமாக ஏதோ சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே மணி பன்னிரண்டு ஆயிற்று. திரையில் வரி துள்ளிக் குதித்துச் சட்டத்துக்கு வெளியே போனது. இன்னும் தூக்காமல் விட்டிருந்த ஊசி போனதே என்று பதறினேன்.

"என்ன அது?" என்றார் தலைவர்.

"கம்பு சார்" என்றேன். "பேச்சியம்மா கம்பு அரைக்கிறாங்க."

நடந்ததை எல்லாம் முதலிலிருந்து நான்தான் சத்தமாகச் சொன்னேன். தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டார். "அவங்களுக்கு என்ன கொடுத்தீங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். பேச்சியம்மாளை உடனே பார்க்க வேண்டும் என்றார். மில்லுக்கு நடந்தே போய்ப் பேச்சியம்மாளுக்குக் கை கொடுத்தார். அவர் போட்டிருந்த கோட்டெல்லாம் மாவு. பேச்சியம்மாள் முந்தானையை அவிழ்த்துக் கார் சாவியைக் கொடுத்தார்.

பெரிய கருவி வரவில்லை. ஆனால் எங்கள் மிஷினும் போகவில்லை. தாளாளர் ரொம்ப நாள் இயக்குநரோடு பேசாமல் இருந்தார். இயக்குநருக்கு அது தெரியவே இல்லை. அவரோடு பேசுவதற்கும் பேசாமல் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

குழுவின் அறிக்கையில் அதிர்வுத் தடுப்புச் சாதனம் என்று ஓர் இடம் இருந்தது. அதைக் காலியாக விடக் கூடாதாம். தலைவர் அதில் 'ஊர் மக்கள்' என்று எழுதி, நிலைமை 'நன்று' என்று போட்டுவிட்டார். கல்லூரி அலுவலகத்தில் அதை அப்படியே சாமான் கணக்கில் ஏற்றிவிட்டார்கள். கருங்கல் ஒன்று, ஸ்கூட்டர் ட்யூப் நான்கு, ஊர் மக்கள். கணக்கில் ஏறியதை இறக்குவது லேசில்லை. பழுதாகிவிட்டது என்றோ தொலைந்துவிட்டது என்றோ ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். யார் போடுவார்கள்? வருடா வருடம் சரிபார்க்க வருகிறவர் சிரித்துக்கொண்டே டிக் அடித்துவிட்டுப் போவார்.

இயக்குநர் ஓய்வு பெற்று ஆண்டிபட்டிக்குப் போனார். அப்புறம் என் முறையும் வந்தது. எனக்குப் பதிலாக வந்த பிரபு வெளியூர்க்காரர், மிகவும் கவனமானவர். கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கல்லைப் பார்த்தார், ட்யூபை எண்ணினார். அடுத்த வரிக்கு வந்ததும் நின்றார்.

"மேடம், இது...?"

"வாங்க, காட்டுறேன்."

மில்லுக்குக் கூட்டிப்போனேன். ஓடுகிற மில்லுக்கு மேலாகக் கத்தி விஷயத்தைச் சொன்னேன். பேச்சியம்மாளுக்கு வயதாகிவிட்டிருந்தது. பிரபுவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, எங்கள எண்ணிப் பாக்கவா வந்துருக்க?"

"இல்லம்மா. வேலை செய்யுதான்னு பாக்கணும்."

பேச்சியம்மாள் சுவிட்சை அணைத்தார். எதிரே பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, காற்று மிஷினை நிறுத்தினார். திருப்பத்தில் வந்துகொண்டிருந்த டிராக்டர் நின்றது. பைக்கில் வந்த ஒருவர் என்ஜினை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தெருக்கோடி வரை ஒன்றன்பின் ஒன்றாக அடங்கிக்கொண்டே போனது.

பிரபு அசையாமல் நின்றார். காகிதத்தை மில் தூணில் வைத்து, பேனா கீறுகிற சத்தம்கூட வராமல் கையெழுத்துப் போட்டார். "சரியா இருக்கு மேடம்" என்றார். எனக்கே அது பாதிதான் கேட்டது.

"முடிஞ்சுதா? கம்பு கெடக்கு" என்று சொல்லிப் பேச்சியம்மாள் சுவிட்சைப் போட்டார். தெரு பழையபடி அதிர ஆரம்பித்தது. ஆய்வுக்கூடத்தின் வாசல்வரைக்கும் பிரபு குதிகாலை ஊன்றாமலேயே நடந்து வந்தார்.